டிரெய்லரின் பின்பக்கம் ரிவர்ஸ் விளக்கு: நடு முனையிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா?

நெடுவழி (வட கரோலினா) கேட்டது:

வணக்கம். எங்களிடம் 26 அடி நீளமுள்ள பயண டிரெய்லர் ஒன்று இருக்கிறது. இரண்டு அச்சு, மின்சார பிரேக். வேறொரு குடும்பம் ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருந்ததைச் சென்ற ஆண்டு வாங்கினோம். இழுப்பது அரை டன் பிக்கப். நகரத்தில் நிறுத்தும்போது ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிந்தது கடந்த அக்டோபரில், ஸ்மோக்கி மலையில்.

ராலே பக்கத்திலிருந்து காலையில் கிளம்பினோம். எல்க்மாண்ட் முகாமுக்கு மாலை நான்கு மணிக்குள் போய்விடலாம் என்பது கணக்கு. 2024இல் ஹெலீன் புயல் அரித்துக்கொண்டு போன ஐ-40 சாலை, பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அப்போதும் ஒரு திசைக்கு ஒரே தடமாகத்தான் ஓடியது. அங்கே மணிக்கு 35 மைலுக்கு மேல் போக முடியவில்லை. நடுவில் ஒரு டயரைச் சரிபார்க்க நிறுத்தியதில் இன்னும் நேரம் போயிற்று. முகாமுக்குள் நுழையும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. அங்கே இடத்துக்கு இடம் மின்இணைப்பும் கிடையாது, கம்பத்து விளக்கும் கிடையாது. தலைக்கு மேலே மரங்கள் கூடி நிற்பதால் நிலவொளிகூட இறங்கவில்லை.

மனைவி டார்ச்சோடு இறங்கி, இடது பின்மூலையில் நின்று வழிகாட்டினாள். கண்ணாடியில் அந்த டார்ச் ஒளி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அதுவும் மறைந்தது. வலது பக்கம் மரம் இடிக்குமோ என்று பார்க்க அவள் டிரெய்லருக்குப் பின்னால் குறுக்கே நடந்திருக்கிறாள். நான் இன்னும் இரண்டு அடி பின்னால் விட்டேன். பின்சீட்டிலிருந்த மகன் "அப்பா, நிறுத்துங்க" என்று கத்தினான். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவளுக்குப் பின்னால் இடுப்பளவு பாறை இருந்தது. அவளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதைக் கேட்கிறேன்.

பின்னால் கேமரா இருக்கிறது. ஆனால் இருட்டில் அது காட்டுவது சாம்பல் நிறப் புள்ளிகளைத்தான். விற்பனை நிலையத்தில் கேட்டதற்கு, டிரெய்லருக்கு ரிவர்ஸ் விளக்கு சட்டப்படி தேவையில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் எனக்கு வேண்டும்.

18 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கேமராவுக்கு மின்சாரம் பின் விளக்கு வயரிலிருந்து வருகிறது. அதிலேயே இவற்றையும் இணைத்தால் வேலை சுலபம். அப்படிச் செய்யலாமா? அல்லது பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை ப்ளக்கின் நடு முனைதான் ரிவர்ஸுக்கு என்கிறார்களே, அதிலிருந்துதான் எடுக்க வேண்டுமா? வண்டியைக் கழற்றிய பிறகும் பின்னால் வெளிச்சம் போட ஒரு தனி ஸ்விட்ச் வேண்டும் என்கிறாள் மனைவி. வீட்டில் வயரிங் வேலை கொஞ்சம் செய்து பழக்கமுண்டு. வாகன வயரிங் புதிது.


அச்சாணி (ஒன்ராறியோ) பதில்:

தம்பி, முதலில் உங்கள் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் நிம்மதி. நான் 22 ஆண்டுகள் டிரெய்லர் பட்டறையில் வயரிங் வேலை செய்தவன். பின்னால் நிற்பவர் நசுங்கிய கதைகளை வாடிக்கையாளர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆகவே விளக்கு தேவையா இல்லையா என்ற பேச்சே வேண்டாம். போடுங்கள்.

பின் விளக்கு வயரிலிருந்து எடுக்காதீர்கள். அது நீங்கள் ஹெட்லைட் போட்டிருக்கும் நேரம் முழுவதும் உயிரோடு இருக்கும் வயர். நெடுஞ்சாலையில் முன்னோக்கிப் போகும்போது உங்கள் பின்னால் வருபவரின் முகத்தில் 36 வாட் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 108, கார்களுக்கும் டிரக்குகளுக்கும் ரிவர்ஸ் விளக்கைக் கட்டாயமாக்குகிறது, டிரெய்லரை விட்டுவிடுகிறது. விற்பனை நிலையத்தில் சொன்னது அந்த வகையில் சரி. ஆனால் ரிவர்ஸ் விளக்கு முன்னோக்கி ஓடும்போது எரியக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இங்கே கனடாவிலும் அந்த விதிக்கு 108 என்றே எண்.

எடுக்க வேண்டிய இடம் நடு முனை. சுற்றிலும் ஆறு தட்டை முனைகள், நடுவில் ஒரு உருண்டை முனை. பெரும்பாலான பிக்கப்களில் கியரை ரிவர்ஸில் போட்டால் அந்த உருண்டை முனைக்கு 12 வோல்ட் வரும். "பெரும்பாலான" என்ற சொல்லைக் கவனியுங்கள். சில வண்டிகளில் அதற்கான ஃபியூஸையோ ரிலேயையோ (சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) தொழிற்சாலையிலேயே பொருத்தாமல் விட்டிருப்பார்கள். பழைய வண்டிகளில் முன்னிருந்தவர் அந்த முனையை வேறு எதற்காவது பயன்படுத்தியிருப்பார். அளந்து பார்க்காமல் ஒரு வயரையும் வெட்டாதீர்கள்.

அளக்கும் முறை இது. டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள். பிக்கப்பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கை பிரேக் போடுங்கள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸில் போடட்டும். நீங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை நடு முனையிலும் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். ரிவர்ஸில் 12 வோல்ட், மற்ற கியர்களில் பூஜ்யம் என்றால் பாதி வேலை முடிந்தது. ரிவர்ஸிலும் பூஜ்யம் என்றால் வண்டிக் கையேட்டில் டிரெய்லர் ரிவர்ஸ் விளக்குக்கான ஃபியூஸ் எது என்று பாருங்கள்.

அடுத்தது டிரெய்லர் பக்கம். முன்னால், இணைப்புக் கொக்கிக்கு மேலே அல்லது கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும். ப்ளக்கிலிருந்து வரும் தடிமனான கேபிள் அங்கே ஏழு வயராகப் பிரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். வயர் நிறத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. பொதுவான சரக்கு டிரெய்லர் வழக்கத்தில் பழுப்பு பின் விளக்கு, மஞ்சள் இடது பக்க இன்டிகேட்டரும் பிரேக் விளக்கும், பச்சை வலது பக்கத்துக்கு அவையே, ஊதா ரிவர்ஸ். பயண டிரெய்லர்காரர்களின் வழக்கத்தில் பச்சை பின் விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது, மஞ்சள் ரிவர்ஸ். வெள்ளை எர்த், நீலம் மின்சார பிரேக், கறுப்பு பேட்டரி என்பவை மட்டும் இரண்டிலும் பொதுவாக ஒன்றாக இருக்கும். முதல் வழக்கத்தில் வயர் ஓடிய ஒரு டிரெய்லரில், இரண்டாம் வழக்கத்தை நம்பி மஞ்சளில் ரிவர்ஸ் விளக்கை இணைத்துவிட்டு ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். பிரேக் மிதித்தால் பின்னால் வெள்ளை வெளிச்சம், இடது இன்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து சிமிட்டல். கேபிளை ஒருவர் இடையில் மாற்றியிருந்தால் பாக்ஸின் ஒரு பக்கம் ஒரு வழக்கமும் மறு பக்கம் இன்னொன்றுமாக இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். டிரெய்லர் ப்ளக்கைக் கையில் எடுத்து, அதன் நடு முனைக்கும் பாக்ஸில் உள்ள ஒவ்வொரு வயருக்கும் இடையே மீட்டரின் தொடர்ச்சிச் சோதனையை வையுங்கள். எந்த வயரில் மீட்டர் பீப் ஒலிக்கிறதோ அதுதான் உங்கள் வயர். பல டிரெய்லர்களில் அது எதனோடும் சேராமல், நுனியில் டேப் சுற்றியபடி சும்மா கிடக்கும்.

இனி கணக்கு. 18 வாட்டை 12ஆல் வகுத்தால் ஒரு விளக்குக்கு 1.5 ஆம்பியர், இரண்டுக்கும் 3. நடு முனைக்குப் பெரும்பாலும் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், உங்கள் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். 3 ஆம்பியரை அது தாங்கும். பழைய 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு போட்டால் 9 ஆம்பியரைத் தாண்டிவிடும், அது வேண்டாம். முன்னாலிருந்து பின் பம்பர் வரை 30 அடிக்கு 14 கேஜ் வயர் போடுங்கள். 16 கேஜும் வேலை செய்யும். ஆனால் உப்பு தின்ற வயரை வாழ்நாள் முழுவதும் பார்த்தவன் என்பதால் தடிமனையே சொல்கிறேன். எர்த்துக்கு டிரெய்லர் சட்டகத்தின் இரும்பை நம்பாமல் வெள்ளை வயரையும் சேர்த்து இழுங்கள். இணைப்புகளுக்கு, உள்ளே பசை தடவிய, சூடு பட்டால் சுருங்கும் கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் குழல்) வகையே வேண்டும். வயரின் தோலைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்புகளைச் சாலையில் ஓடும் எதிலும் போடாதீர்கள். தண்ணீர் புகுந்து இரண்டு குளிர்காலத்தில் பச்சைப் பொடியாகிவிடும்.

உங்கள் மனைவி கேட்கும் ஸ்விட்ச் நியாயமானது. ஆனால் அதை இணைக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. டிரெய்லர் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக ஒரு வயரை நேராக ரிவர்ஸ் வயரோடு சேர்த்தால், ஸ்விட்ச் போட்டதும் மின்சாரம் விளக்குக்கு மட்டும் போகாது. நடு முனை வழியாகப் பின்னோக்கி ஓடி பிக்கப்பின் ரிவர்ஸ் சுற்றுக்குள்ளும் புகும். இன்றைய வண்டிகளில் அந்தச் சுற்றில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது கெடாமல் தடுக்க ஒரு சாதாரண நான்கு கால் ரிலே போதும். 86ஆம் காலுக்கு ரிவர்ஸ் வயர், 85க்கு எர்த், 30க்கு டிரெய்லர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர், 87லிருந்து விளக்குகள். ஸ்விட்சை 30க்கும் 87க்கும் குறுக்கே போடுங்கள். அப்போது ஸ்விட்ச் போட்டாலும் 86க்கு ஒன்றும் போகாது, பிக்கப் பத்திரமாக இருக்கும். பேட்டரி பக்க ஃபியூஸ் 10 ஆம்பியர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசினால் அதைக் காப்பாற்ற ஒன்றும் கிடையாது.

ஸ்விட்ச் வைத்தால் அதில் ஒரு சிவப்பு அடையாள விளக்கும் இருக்கட்டும், கிளம்பும்போது கண்ணில் படும் இடத்தில்.


கூடாரம் (டென்னசி) பதில்:

நெடுவழி அண்ணா, வயரிங்கைப் பற்றி அச்சாணி ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் டிரெய்லரை ஓட்டுவது கணவர், பின்னால் நிற்பது நான். நிற்பவள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

விளக்கைப் பின்சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்தாதீர்கள். உள்ளே மரச்சட்டமும் நுரைப்பலகையும்தான். ஒரு திருகு வழியாகத் தண்ணீர் இறங்கினால் மூலை முழுவதும் மெல்ல மெல்ல ஊறிவிடும், வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். பின்னால் நான்கு அங்குலச் சதுரக் குழாய் பம்பர் இருக்கும் அல்லவா, கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைப்போமே, அதன் அடியில் கிடுக்கி போட்டு மாட்டினோம். ஒரு ஓட்டைகூட இல்லை. தரை தட்டும் உயரத்துக்குக் கீழே இறக்கிவிடாமல் மட்டும் பாருங்கள்.

முதலில் கணவர் விளக்குகளை நேராகப் பின்னோக்கி வைத்தார். நான் பின்னால் நின்றபோது கண் கூசி, டிரெய்லர் நகர்கிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டுபவரைக் குருடாக்கும் விளக்கு இருட்டைவிட மோசம். பிறகு இரண்டையும் தரையை நோக்கிச் சாய்த்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினோம். பம்பரிலிருந்து 15 அடி வரை தரை தெரிந்தால் போதும். தரை தெரிந்தால் பாறையும் தெரியும், என் காலும் தெரியும். விளக்கும் தூரமாகப் பாயும் வகை வேண்டாம், பரந்து விரியும் வகையாக இருக்கட்டும்.

முடிந்தால் சக்கரங்களுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்று போடுங்கள். திருப்பத்தில் டிரெய்லர் அறுத்துக்கொண்டு போகும் உள்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டுவது அதுதான். பின் விளக்கைவிட அது எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

நீங்கள் சொன்ன எல்க்மாண்டிலேயே மே கடைசியிலிருந்து ஜூன் வரை ஒத்திசைந்து மின்னும் மின்மினிகள் வரும். ஆயிரக்கணக்கில், ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும். அவற்றைப் பார்க்க வருபவர்கள் டார்ச்சுக்குமேல் சிவப்பு அல்லது நீலக் கண்ணாடித்தாள் கட்ட வேண்டும் என்று பூங்காவில் கேட்டுக்கொள்கிறார்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் அவை மின்னுவது குலைந்துவிடுகிறது. நாங்கள் ஒரு ஜூன் மாதம் அங்கே தங்கினோம், அந்த ஒரு வாரத்துக்காகவே நான் திரும்பத் திரும்ப அந்த மலைக்குப் போகிறேன். ஆகவே போடுவதற்கு ஸ்விட்ச் வைப்பது போல, ரிவர்ஸில்கூட எரியாமல் அணைத்துவைக்கவும் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். அந்த நாட்களில் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.


நெடுவழி மீண்டும்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்தது.

பிக்கப்பில் முதலில் நடு முனையில் ஒன்றும் வரவில்லை. கையேட்டைப் பார்த்தபோது பேட்டரிக்குப் பக்கத்து ஃபியூஸ் பெட்டியில் அதற்கென்று ஒரு இடம் இருந்தது, ஆனால் காலியாக இருந்தது. கையேட்டில் சொன்ன 10 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினேன், ரிவர்ஸில் 12.4 வோல்ட் வந்தது.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் ஒரு மஞ்சள் வயர், நுனியில் கறுப்பு டேப் சுற்றியபடி, ஐயா சொன்னது போலவே தனியாகக் கிடந்தது. நான்கூட அதை உடனே பிடித்திருப்பேன். சொன்னதை நினைத்து முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மீட்டரும் அதையே காட்டியது.

கஷ்டம் வந்தது வயர் இழுப்பதில். அடிப்பக்கத்தை மூடியிருக்கும் நெளிவு பிளாஸ்டிக் பலகைக்கு மேலே வளைகம்பி விட்டு இழுக்கப் பார்த்தேன். குடிநீர்த் தொட்டிக்கு மேலே போய் எதிலோ சிக்கிக்கொண்டது. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, அதை விட்டுவிட்டு, இரும்புச் சட்டத்தின் உள்முகமாக வெளியிலேயே கொண்டுபோனேன். வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, ரப்பர் வைத்த கிளிப்புகளால் ஒரு முழத்துக்கு ஒன்று பிடித்தேன். தொட்டி இருக்கும் பகுதியில் திருகே போடவில்லை. அச்சுக்கு அருகே ஸ்பிரிங் ஏறி இறங்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போட்டேன்.

ரிலேயும் ஸ்விட்சும் முன்பக்கச் சாமான் பெட்டியில் இருக்கின்றன. கூடாரம் சகோதரி சொன்ன அணைக்கும் ஸ்விட்சை 87லிருந்து விளக்குகளுக்குப் போகும் வயரில் போட்டேன். வேலை செய்கிறது, இது சரிதானா ஐயா?

விளக்கின் கோணத்தை நான் முடிவு செய்யவில்லை. இருட்டிய பிறகு வீட்டு வாசலில், டிரெய்லரை நகர்த்தாமல் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு, மனைவியைப் பின்னால் நடக்கச் சொன்னேன். அவள் வலம், இடம், நடு என்று நின்று பார்த்து, "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முடிவில் விளக்குகள் நான் நினைத்ததைவிட வெகுவாகத் தாழ்ந்து பார்க்கின்றன. கேமராவிலும் இப்போது தரையில் கிடந்த மகனின் பந்து நிறத்தோடு தெரிகிறது.

இன்னொன்றும் பேசி வைத்துக்கொண்டோம். அவள் கண்ணாடியில் தெரியாத கணமே நான் நிறுத்திவிட வேண்டும். மகன் சொல்வதற்காகக் காத்திருக்கக் கூடாது. பக்க விளக்குகளை வசந்த காலத்தில் போடப்போகிறேன்.


அச்சாணி பதில்:

ஸ்விட்ச் இருக்கும் இடம் சரி, தம்பி. பக்க விளக்குகள் சேரும்போது ஆம்பியரை மீண்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது சுமை டிரெய்லர் பேட்டரியில்தான் விழுகிறது, பிக்கப்பின் ஃபியூஸுக்கு ரிலேவின் சின்னச் சுமை மட்டுமே. பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் உங்கள் டிரெய்லரில் இருந்து, இந்த வயரை அதற்கு அப்பாலிருந்து எடுத்திருந்தால், அதை அணைத்திருக்கும்போது இந்த விளக்குகளும் எரியாது. அதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை பாக்ஸைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடுவதற்கு முன், மூடியின் உள்பக்கத்தில் அழியாத பேனாவால் எந்த நிறம் எதற்கு என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த டிரெய்லரை வாங்குபவர் அதைத்தான் முதலில் திறப்பார்.